பூசைக்குக் கூப்பிட்டால்

கேரளத்தின் பத்தனம்திட்டா மாவட்டத்து இலந்தூர் நரபலியை (2022) தெற்கே எங்கோ நடந்ததாக, பாலக்காட்டு எல்லையில் இருக்கும் வாளையார், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒதுக்கிவிட வேண்டாம். கொல்லப்பட்ட இரண்டு பெண்களில் ஒருவர் தர்மபுரிக்காரர், கொச்சியில் லாட்டரி விற்றவர். போலீஸ் சொன்னபடி, ஐஸ்வரியம் தேடி நரபலிக்கு இறங்கிய தம்பதியை வளைத்தது பெண் பெயரில் இருந்த ஒரு போலி முகநூல் கணக்கு.

ஆளும் அப்படித்தான் பார்த்து எடுக்கிறார்கள்: தனியாகத் தங்கி, அன்றாடம் சம்பாதிப்பவர், காணோம் என்றால் உடனே தேட ஆளில்லாதவர். முதல் பெண் ஜூனில் காணாமல் போனார். விஷயம் வெளியே வந்தது அக்டோபரில். அதுவும் இரண்டாவது பெண்ணின் வீட்டார் விடாமல் புகார் கொடுத்து, போன் பதிவையும் சிசிடிவியையும் போலீஸ் துருவிய பிறகுதான்.

ஆளைக் காணோமா? 24 மணி நேரம் பொறுக்கச் சொல்வது சட்டத்தில் இல்லாத பேச்சு. எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். போட்டோவோடு போன் நம்பர், பெட்டியில் அச்சிட்ட 15 இலக்க ஐஎம்இஐ (போனின் அடையாள எண்), கடைசியாகப் பேசிய நேரம், யாருடன் போனார் என்பதையும் எழுதுங்கள். போன் அணைந்திருந்தாலும் பழைய அழைப்புப் பட்டியல் கிடைக்கும். ரசீது வாங்காமல் நகராதீர்கள்.

நரபலி, மாந்திரீகக் கொடுமைகளுக்கு எதிராக மகாராஷ்டிரம் 2013லேயே தனிச்சட்டம் போட்டது, கர்நாடகம் 2017ல். இத்தனை படிப்பாளிகள் உள்ள கேரளத்தில் வரைவோடு நிற்கிறது.