தஞ்சாவூர்ல ஒரு மத்தியானம், கயிறு மேலயே கண்ணு

பெரிய கோயில் தரைல கால் பொசுங்கிப் போச்சு. வெயில் தாழுற வரைக்கும் எங்கயாவது நிழல்ல ஒதுங்கலாம்னுதான் அரண்மனைக்குள்ள இருக்கிற சரஸ்வதி மகால் நூலகத்துக்கு போனேன், சத்தியமா ஓலைச்சுவடி பாக்கணும்னு இல்ல. நாயக்கர் காலத்துல ஆரம்பிச்சத ரெண்டாம் சரபோஜி (1798ல இருந்து 1832 வரைக்கும் ராஜா) தேடித்தேடி சேத்து பெருசாக்கினது, 1918ல பொது நூலகமாச்சு. போட்டோ எடுக்க விடல, ஒருவிதத்துல நல்லதுதான்.

எல்லாரும் எழுத்தத்தான் குனிஞ்சு பாக்குறாங்க. எனக்கென்னவோ கட்டி வச்சிருக்கிற விதத்துலயே கண்ணு நின்னுடுச்சு. நம்ம புக் மாதிரி முதுகுல பசை போட்டு ஒட்டுற வேலையே கிடையாதுங்க. ஓலைல ரெண்டு ஓட்டை, ஒண்ணுல மூங்கில் குச்சியோ செப்புக் கம்பியோ சொருகுவாங்க, அதுக்கு நாராசம்னு பேரு, இன்னொண்ணுல கயிறு, மேலயும் கீழயும் மரச் சட்டம். கயிறு ஓட்டை வழியா உருவிக்கிட்டு வந்துடாம இருக்க அதோட தலைப்புல பனையோலைய கிளி மூக்கு மாதிரியே நறுக்கி கோத்துடுவாங்க, பேரே கிளிமூக்குதான்! கயித்த தளர்த்தினா புரட்டி படிக்கலாம், முடிச்சதும் இறுக்கி சுத்தி கட்டி வச்சிடலாம், அவ்ளோதான் பைண்டிங்.

ஆனா கயிறு அறுந்து ஓலை கலைஞ்சா தொலைஞ்சோம். மெய்யெழுத்துக்கு புள்ளி இருக்காது, எகர ஏகாரம் ஒரே மாதிரி இருக்கும், பத்தி பிரிக்கிற பழக்கமெல்லாம் இல்ல, எதுக்கு அப்புறம் எதுன்னு பாக்க ஏட்டு நம்பர் ஒண்ணுதான் துணை, அந்த நம்பரும் ஓரத்துல இருக்கும், ஓலைல முதல்ல உடையுறதும் ஓரம்தான்.

அங்க இருந்த ஒருத்தர்கிட்ட பேச்சு கொடுத்தேன். காஞ்சு போன ஓலைக்கு லெமன் கிராஸ் ஆயில் தடவினா வளைஞ்சு கொடுக்குமாம், பூச்சியும் அண்டாதாம். அலமாரிக்கு வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை எல்லாம் இடிச்சு கற்பூரம் சேத்து துணில முடிஞ்சு வைக்கிறதாம். பாதி அஞ்சறைப் பெட்டி, பாதி நாட்டு மருந்துக் கடை. அந்தக் காலத்துல எழுத்து தெரியறதுக்கு மஞ்சள், ஊமத்தை இலைச் சாறு, மாவிலைக் கரி எல்லாம் பூசுவாங்க, மையாடல்னு சொல்லுவாங்க. எழுத்தாணி வெறும் கீறல்தானே போடும், கரி ஏறினாத்தான் கண்ணுக்கு தெரியும்.

வெளிய வந்து ஜூஸ் குடிச்சுக்கிட்டே அம்மாவுக்கு போன் போட்டேன். எங்க தாத்தா வீட்டு பரண்லயும் ஒரு கட்டு இருந்துச்சு, ஒரு பதினெட்டாம் பெருக்குக்கு ஆத்துல விட்டுட்டதா கேள்வி.

"ஆமாடா, ஓலைய மட்டும்தான் விட்டோம். சட்டம் ரெண்டும் நல்ல மரம்னு உங்க பாட்டி எடுத்து வச்சுக்கிட்டாங்க, பரண்ல டிரங்குப் பெட்டிக்கு அண்டை கொடுத்திருந்துச்சு, இரு பாக்குறேன்."

ஏணிய இழுக்கிற சத்தம் கேட்டுச்சு, லைன் கட் ஆயிடுச்சு.