காலியா இருக்குற ஸ்லாட்டுக்காக ஒரு சண்டை

கவுன்சலிங் டீமைப் பாத்துக்கறேன்னு சொன்னா, நாள் முழுக்க பிள்ளைங்களோட உக்காந்து பேசிட்டு இருப்பேன்னுதான் பாதி பேர் நெனைக்கிறாங்க. உண்மையில நான் நாள் முழுக்க பாக்குறது கேலண்டரைத்தான். சிங்கப்பூர்ல ஒரு யூனிவர்சிட்டியில மாணவர்களுக்கான கவுன்சலிங் சென்டர் எங்களோடது. கவுன்சலர்கள், சைக்காலஜிஸ்ட்கள், கேஸ் மேனேஜர், முன்னாடி ரிசப்ஷன்ல இருக்குறவங்க, இவங்க எல்லாரோட நேரத்தையும் பிரிச்சுக் குடுக்குறது என் பொறுப்பு. நானும் கவுன்சலரா ரூமுக்குள்ள உக்காந்து பேசிட்டு இருந்து வந்தவதான், இப்பவும் கொஞ்சம் கேஸ் வச்சிருக்கேன், ஆனா லீட் ஆனதுக்கு அப்புறம் எனக்கு உறைச்ச பெரிய விஷயம் என்னன்னா, கேலண்டர்ல ஒரு ஸ்லாட்டை யாருக்கும் குடுக்காம காலியா வச்சுக் காப்பாத்துறது எவ்வளவு கஷ்டம், ஆனா அது இல்லாம இந்த வேலையே நடக்காதுங்கறதுதான். அதைப் பத்தித்தான் எழுத உக்காந்தேன். கீழ வர்ற மாணவர்கள் யாரும் ஒரு தனி ஆள் கிடையாது, பல பேர்கிட்ட பாத்ததைச் சேர்த்து, அடையாளத்தை மாத்தித்தான் எழுதுறேன்.

இங்க ஒரு செமஸ்டர்னா 13 வாரம் க்ளாஸ், நடுவுல ஒரு ரிசஸ் வீக், அப்புறம் ரீடிங் வீக், எக்ஸாம். ஆகஸ்ட்ல தொடங்கும்போது ஓரியண்டேஷன், ஹால்ல, அதாவது கேம்பஸ் ஹாஸ்டல்ல, ரூம் கெடச்ச சந்தோஷம், புது ஃப்ரெண்ட்ஸ்னு எல்லாம் நல்லாத்தான் இருக்கும், எங்க சென்டரும் ஓரளவு அமைதியா இருக்கும். அந்த நேரத்துல தினமும் ரெண்டு ஸ்லாட்டை அவசரத்துக்குன்னு காலியா விட்டிருக்கறதைப் பாத்துட்டு, வெயிட்டிங் லிஸ்ட்ல ஆள் இருக்கும்போது இது ஏன் சும்மா கெடக்குதுன்னு மேல இருந்து கேள்வி வரும். நியாயமான கேள்விதான், அவங்களும் பணத்துக்குக் கணக்கு சொல்லணும். ஆனா ஃபயர் ஸ்டேஷன்ல வண்டி சும்மா நிக்குதுன்னு அதை யாரும் சாமான் ஏத்த அனுப்புறதில்லையே. எட்டாவது ஒம்பதாவது வாரம் வந்து பாத்தா தெரியும், மிட்டெர்ம் மார்க் வந்திருக்கும், க்ரூப் ப்ராஜெக்ட்ல ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்க மாட்டாங்க, கூடப் படிக்கிறவனுக்கு இன்டர்ன்ஷிப் கெடச்சிருக்கும் இவனுக்கு கெடச்சிருக்காது, மத்தவங்களோட ஒப்பிட்டு க்ரேடு போடுற பெல் கர்வ்ல எங்க நிக்கிறோம்னு தெரியாத பயம் வேற.

நம்ம பிள்ளைங்களுக்கு அதுக்கு அடுத்து வர்ற வாரங்கள்லதான் பெரும்பாலும் தீபாவளியும் வரும். தேக்காவுல, அதான் லிட்டில் இந்தியாவுல, லைட்டு போட்டிருப்பாங்க, வீட்டுல முறுக்கு சுட்டு டின்ல போட்டு வச்சிருப்பாங்க, சொந்தக்காரங்க வந்து உக்காந்து "எப்ப முடிக்கிற, ஹானர்ஸ் வருமா, அண்ணன் மாதிரி நீயும் வந்துருவல்ல"ன்னு பாசமாத்தான் கேப்பாங்க. அதுக்கெல்லாம் சிரிச்சுப் பதில் சொல்லிட்டு, லீவு முடிஞ்சு ஹாலுக்குத் திரும்பி வந்த பிள்ளை நேரா எங்க கதவைத் தட்டுறது உண்டு. அப்படி வர்றவங்க எத்தனையோ நாள் கதவு வரைக்கும் வந்து திரும்பிப் போனவங்களா இருப்பாங்க. அவங்ககிட்ட "ரெண்டு வாரம் கழிச்சு அப்பாயின்ட்மென்ட் இருக்கு"ன்னு ரிசப்ஷன்ல சொன்னா, சரிங்க தேங்க்ஸ்னு மரியாதையா சொல்லிட்டுப் போயிடுவாங்க, அப்புறம் வரவே மாட்டாங்க. அந்தக் காலி ஸ்லாட் இவங்களுக்குத்தான்.

வந்த உடனே டிப்ரெஷன் இருக்கான்னு பாக்க ஒரு ஃபார்ம் குடுப்போம், பிஹெச்க்யூ-9, இந்த துறையில இருக்குறவங்க எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஒம்பது கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0ல இருந்து 3 வரைக்கும் மார்க், மொத்தம் 27. 10 இல்ல அதுக்கு மேல வந்தா மிதமான டிப்ரெஷனா இருக்கலாம்னு எடுத்துக்கிட்டு மேற்கொண்டு பாக்குறது வழக்கம். எங்க டீம்ல புதுசா யார் வந்தாலும், ரிசப்ஷன்ல இருக்குறவங்க உட்பட, நான் மொதல்ல சொல்லிக் குடுக்குறது மொத்த மார்க்கைப் பாக்காதீங்க, ஒம்பதாவது கேள்வியைப் பாருங்கன்னுதான். செத்துட்டா நல்லாயிருக்கும்னோ தன்னைத்தானே காயப்படுத்திக்கணும்னோ தோணுதான்னு கேக்குற கேள்வி அது. ஒரு பையன் வர்றான்னு வச்சுக்குங்க, என்எஸ், அதாவது கட்டாய தேசிய சேவை, முடிச்சுட்டு வந்தவன், நல்லா படிக்கிறவன், தூக்கம் பரவால்ல, சாப்பாடு பரவால்ல, மொத்தம் 7தான். ஆனா ஒம்பதாவதுல "சில நாட்கள்"னு ஒரு டிக், அதுவும் பேனாவை அழுத்தி அழுத்தி மேலயே ரெண்டு தடவை போட்டிருக்கான். மொத்த மார்க் வச்சு வரிசை போடுற முறையில அவன் வெயிட்டிங் லிஸ்ட்டோட அடியில போயிருப்பான். எங்க ரிசப்ஷன்ல இருக்குற மலாய் அக்கா அந்த பேப்பரைக் கையில வாங்கின உடனே எழுந்து உள்ள வந்து டியூட்டி கவுன்சலர்கிட்ட குடுத்துட்டு, அவன்கிட்ட திரும்பிப் போய் தண்ணி குடிக்கிறியான்னு கேட்டு பக்கத்துலயே இருந்தாங்க. டிகிரி இருக்குறவங்க மட்டும்தான் டீம்னு நெனைக்கிறவங்களுக்கு நான் இந்த அக்காவைத்தான் சொல்லுவேன்.

ஐஎம்ஹெச்ங்கற மனநல மருத்துவமனையோட எமர்ஜென்சிக்கு ஒரு மாணவரை கூட்டிட்டுப் போற நாளெல்லாம் வேற மாதிரி. பூவாங்கோக்ல இருக்கு, 24 மணி நேரமும் தெறந்திருக்கும், ஆனா அந்த பேரைச் சொன்ன உடனே மூஞ்சி வெளுத்துரும். வீட்டுல பெரியவங்க இன்னும் உட்பிரிட்ஜ்னுதான் சொல்றாங்க, அந்த பழைய பேரோட சேந்து பழைய பயமும் அப்படியே இருக்கு. போலீஸ் கேஸ் ஆகுமான்னு கேக்குற பிள்ளைங்களும் இருக்காங்க. 2020 ஜனவரிக்கு முன்னாடி வரைக்கும் தற்கொலை முயற்சி இங்க குற்றம், பீனல் கோட்ல 309வது பிரிவு. 2019ல பார்லிமென்ட்ல அதை எடுக்க சட்டம் பாஸ் பண்ணி, 2020 ஜனவரி 1ல இருந்து அது குற்றம் இல்ல. இதை நாங்க நிதானமா எடுத்துச் சொல்லணும், அவங்க மூச்சு சீராகுற வரைக்கும் கூட இருக்கணும், ஃபார்ம் நிரப்பணும், டாக்டருக்கு லெட்டர் குடுக்கணும், மூணு நாலு மணி நேரம் சாதாரணமா போயிரும்.

ஒரு தடவை எங்க டீம்ல சின்னவங்க ஒருத்தங்க இப்படி போயிட்டு சாயங்காலம் திரும்பி வந்து, பையைக்கூட கீழ வைக்காம "அஞ்சு மணி க்ளையண்ட் வந்துட்டாங்களா?"ன்னு கேட்டாங்க. குரல் ரொம்ப சாதாரணமா இருந்துச்சு, அதுதான் எனக்கு பயமா இருந்துச்சு. அஞ்சு மணி க்ளையண்ட்கிட்ட நானே பேசி மறுநாளுக்கு மாத்தியாச்சுன்னு சொன்னேன், இல்லக்கா நான் ஓகே, பாத்துருவேன்னாங்க, நீங்க ஓகேதான்மா, ஆனா உக்காருங்கன்னேன். பத்து நிமிஷம் பேசவேயில்ல, அப்புறம் அந்த மாணவி டாக்சியில போன் வால்பேப்பரைக் காட்டினதைச் சொல்ல ஆரம்பிச்சாங்க, அவங்க வளக்குற பூனையோட போட்டோ, அதைச் சொல்லும்போதுதான் அழுதாங்க. இந்த ஒரு மணி நேரம் எந்த ரிப்போர்ட்லயும் வராது. செஷன் கணக்குல அன்னிக்கு அவங்களுக்கு ஒண்ணுதான் காட்டும். ஆனா அந்த ஒரு மணி நேரம் இல்லாம அவங்களை அடுத்த ரூமுக்குள்ள அனுப்பினா, உள்ள உக்காந்திருக்குற அடுத்த பிள்ளைக்கு காதே இல்லாத ஒருத்தரைத்தான் அனுப்புறேன்.

ஃபோன் கால் இன்னொரு பக்கம். தமிழ்ல யாராவது கூப்பிட்டா ரிசப்ஷன்ல எனக்குத்தான் கனெக்ட் பண்ணுவாங்க. "மேடம், என் பையன் அங்க வர்றானா, ஒரு வார்த்தை மட்டும் சொல்லுங்க, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்"னு ஒரு அம்மா. வர்றான்னும் சொல்ல முடியாது, வரலைன்னும் சொல்ல முடியாது, உயிருக்கு ஆபத்துன்னா ஒழிய மாணவரோட சம்மதம் இல்லாம வாய் தெறக்கக்கூடாது. பல பெற்றோருக்கு இது கோபம் வரும், ஃபீஸ் கட்டுறது நாங்க, 21 வயசுகூட ஆகல, எங்ககிட்டயே மறைக்கிறீங்களான்னு. அந்தக் கோபத்துல நியாயம் இல்லன்னு நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனா நான் சொல்லக்கூடாதுங்கறது வேற, அவங்க சொல்றதை நான் கேக்கக்கூடாதுன்னு எந்த விதியும் இல்ல. "நான் எதுவும் சொல்ல முடியாதும்மா, ஆனா நீங்க சொல்லுங்க, கேட்டுக்கறேன்"னு சொன்னா, அந்த அம்மா அரை மணி நேரம் பேசுவாங்க, பையன் ஞாயித்துக்கெழமை வீட்டுக்கு வந்தா ரூம் கதவைச் சாத்திக்கறான், போன மாசம் அவன் கிட்டார வித்துட்டான்னு. புடிச்ச பொருளை திடீர்னு விக்கிறது, குடுக்கறது எல்லாம் நாங்க கவனிக்க வேண்டிய விஷயம். கூடவே, பையன் நல்லாயில்லன்னு தோணுச்சுன்னா இன்னிக்கு ராத்திரியே என்ன செய்யலாம்னும் சொல்லுவேன், எஸ்ஓஎஸ் 1767, மைண்ட்லைன் 1771, ரெண்டும் உதவி ஃபோன் லைன், எந்த நேரமும் எடுப்பாங்க, கூப்பிடுறது பையனா இருக்கணும்னு இல்ல, அம்மாவும் கூப்பிடலாம். இந்த அரை மணி நேரமும் யாரோட கேலண்டர்லயாவது காலியா இருந்தாத்தான் கெடைக்கும்.

தமிழ் மாணவர்னா தமிழ் கவுன்சலர்கிட்ட அனுப்பிடலாம்னு நல்ல மனசோட சொல்றவங்க நிறைய பேர். நான் அப்படி அனுப்புறதில்ல, கேட்டுட்டுத்தான் அனுப்புவேன். திருச்சியில இருந்தோ மதுரையில இருந்தோ வந்து ஹால்ல தனியா இருக்குற பிள்ளைக்கு தமிழ்ல பேசினா மொத நிமிஷத்துலயே தோள் எறங்கும், அதை நேர்ல பாத்திருக்கேன். ஆனா இங்கயே பொறந்து வளந்த பிள்ளைக்கு அது அப்படியே தலைகீழா இருக்கலாம். இந்த ஊர்ல நம்ம ஆளுங்க மொத்த இந்தியர்களையும் சேத்தே 9 சதவீதம் சுமாருக்குத்தான், கோயில்ல பாப்போம், கல்யாணத்துல பாப்போம், டியூஷன் டீச்சர் வழியா ஒறவு இருக்கும். "நீங்க எங்க சித்திக்குத் தெரிஞ்சவங்களா இருந்தா?"ன்னு ஒரு பொண்ணு கேட்டா, அது நியாயமான பயம். அவளுக்கு சீன கவுன்சலர்தான் பாதுகாப்பான ரூம். பேரைப் பாத்து ஆளைப் பிரிக்கிறதுல எனக்கு நம்பிக்கையே இல்ல.

அப்புறம் ரெக்கார்டு. கவர்மென்ட் வேலைக்குப் போகும்போது இது தெரியுமா, ஸ்காலர்ஷிப் போயிருமான்னு கேக்காத மாணவர் குறைவு. எங்க நோட்ஸ் படிப்பு ரெக்கார்டோட சேராது, ட்ரான்ஸ்கிரிப்ட்ல வராது, ப்ரொஃபசருக்குப் போகாது, இதை மொத செஷன்லயே சொல்லிடணும்னு டீமுக்கு கண்டிப்பா சொல்லியிருக்கேன். வெளியிலயும் நெலம மெல்ல மாறுது, வேலை விண்ணப்பத்துல மனநலம் பத்தி தேவையில்லாம கேக்கக்கூடாதுன்னு, நியாயமான வேலைவாய்ப்புக்கான அமைப்பான டாஃபெப்போட வழிகாட்டுதல் வந்துச்சு, 2025 ஜனவரியில பார்லிமென்ட்ல பாஸான வேலையிட நியாயச் சட்டத்துல மனநலக் காரணமா பாகுபாடு காட்டக்கூடாதுன்னும் இருக்கு. இதையெல்லாம் சொன்ன உடனே பயம் போயிருமான்னா போகாது, ஆனா சொல்லாம இருக்கறதுக்கு இது எவ்வளவோ மேல்.

ஆள் கேட்டு மேல போகும்போது எனக்கும் எண்ணிக்கை வேணும்தான். சுகாதார அமைச்சோட 2022 சர்வேயில 18ல இருந்து 29 வயசுக்குள்ள இருக்குறவங்கள்ல 25.3 சதவீதம் பேருக்கு மனநலம் சரியில்லன்னு வந்துச்சு, அதாவது நாலுல ஒருத்தர், அதை நான் எல்லா மீட்டிங்லயும் சொல்றேன். ஆனா அந்த எண்ணைக் காட்டி இன்னும் ஒரு கவுன்சலர் வாங்கிட்டு, அவங்களுக்கும் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் இடைவெளி இல்லாம ஆள் போட்டா, ஒண்ணரை வருஷத்துல அவங்க ரிசைன் லெட்டரோட வந்து நிப்பாங்க, அவங்ககிட்ட வந்துட்டு இருந்த அத்தனை பிள்ளைங்களும் மறுபடி மொதல்ல இருந்து கதை சொல்லணும். மொத தடவை சொல்லவே அவங்க எவ்வளவு பாடுபட்டாங்கன்னு எனக்குத் தெரியும்.

அதனால இன்டர்வியூல நான் கேக்குறது எத்தனை கேஸ் பாத்தீங்க, எந்த தெரபி தெரியும்னு மட்டும் இல்ல. கடைசியா சூப்பர்விஷனுக்கு, அதாவது அனுபவமுள்ள ஒருத்தர்கிட்ட நம்ம கேஸைப் பேசிப் பாக்குறதுக்கு, எந்த மாதிரி கேஸை எடுத்துட்டுப் போனீங்க, ஏன் அதை எடுத்துட்டுப் போனீங்கன்னு கேப்பேன். நல்லா முடிஞ்ச கேஸை மட்டும் சொல்றவங்களை விட, தூக்கம் வராம வச்சிருந்த கேஸைச் சொல்றவங்க மேல எனக்கு நம்பிக்கை வரும். புதுசா சேர்றவங்களோட வேலை விவரத்துல வார சூப்பர்விஷனும், கஷ்டமான செஷனுக்கு அப்புறம் உக்காந்து பேசி மனசை எறக்கி வைக்கிற டீப்ரீஃபும் வேலை நேரத்துக்குள்ள வரும்னு ஒரு வரி போட்டுக் குடுத்தேன். எச்ஆர்ல மொதல்ல அந்த வரியை எடுத்துட்டு அனுப்பினாங்க, இதெல்லாம் எழுதத் தேவையில்ல, புரிஞ்சுக்கலாம்னு. நான் மறுபடி சேர்த்து, காரணத்தையும் எழுதி அனுப்பினேன். இப்ப இந்த செமஸ்டர்ல சேர்ந்தவங்க கையெழுத்துப் போட்ட பேப்பர்ல அந்த வரி இருக்கு.