ஐஸ் கத்தியும் பாம்பன்காரர்களும்

விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாத 61 நாள் தடைக்காலத்தில், ஆண்கள் எல்லாரும் ஊரில் இருந்த ஒரு மாலையில், பாம்பனில் எங்கள் தெருவில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிப் 'பேசும் படம்' போட்டோம். சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கி, கமல்ஹாசனும் அமலாவும் நடித்து 1987-இல் வெளிவந்த, ஒரு வசனம்கூட இல்லாத நகைச்சுவைப் படம் அது. முதல் பத்து நிமிடமும் "ஸ்பீக்கரைப் பாருங்கப்பா" என்ற குரல் ஓயவில்லை.

இதை ஊமைப்படம் என்பதை நான் ஏற்பதில்லை. தெரு இரைச்சலும் எல். வைத்தியநாதனின் இசையும் படம் நெடுக உண்டு. பேச்சை மட்டும்தான் எடுத்திருக்கிறார்கள். திரையரங்கின் சண்டைச் சத்தத்தோடு தூங்கிப் பழகிய வேலையில்லா இளைஞன் (கமல்), ஒரு பணக்காரரின் இடத்தில் போய்த் தங்கிய நட்சத்திர விடுதியின் மெத்தையில் தூக்கம் வராமல் புரண்டு, கடைசியில் அந்தச் சத்தத்தை டேப்பில் பதிந்துவந்து ஓடவிட்டுக் கண்ணயர்கிறான். எல்லாரும் சிரித்தபோது, முப்பது ஆண்டுகளாகப் படகோட்டும் பக்கத்து வீட்டு அண்ணன் மட்டும் சிரிக்காமல், தடைக்காலத்தின் முதல் வாரம் இஞ்சின் சத்தம் இல்லாமல் தனக்கும் தூக்கம் பிடிக்காது என்றார்.

பெரிய விவாதம் கூலிக் கொலையாளியாக வரும் டினு ஆனந்த் கொண்டுவரும் பனிக்கட்டிக் கத்தியைப் பற்றித்தான். கொன்றபின் உருகித் தடயமே இல்லாமல் போய்விடும் என்பது படத்தின் தந்திரம். ஆனால் நாள்தோறும் ஐஸ் பாரை உடைத்து மீன் பெட்டிகளில் நிரப்புகிறவர்கள் அதை அவ்வளவு எளிதில் விடுவார்களா? அவ்வளவு மெல்லிய ஐஸ் சட்டையில் பட்டதுமே ஒடிந்துவிடும் என்று ஒரு கட்சியும், உடைந்த ஐஸ் சில்லு கையைக் கிழித்த தழும்பைக் காட்டி மறுத்த ஒரு கட்சியுமாக அவர்கள் வாதாடியதில் அடுத்த இரண்டு காட்சிகளை யாருமே பார்க்கவில்லை. பேச்சில்லாத படம் என்பதால் எதையும் தவறவிட்டதாக அவர்கள் கருதவில்லை. எனக்குத்தான் எரிச்சலாக இருந்தது.

முடிவு பெண்களுக்குப் பிடிக்கவில்லை. காதலி ரோஜாவோடு கொடுத்த முகவரிச் சீட்டு சாக்கடைக்குப் போய்விட, அவன் பூவோடு வேலைக்கான வரிசையில் நிற்கிறான். என் சின்னம்மா திரையை அவிழ்க்கும்வரை திட்டிக்கொண்டிருந்தார்: "வாயத் தொறந்து ஊரு எதுன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டானா?"