காதுக்குப் பிடிபடும் வரை

ஒருவர் வேற்று மொழி பேசும்போது உச்சரிப்பு பிசகினால் உடனே நாக்கைத்தான் குற்றம் சொல்கிறோம். நாக்கு தடித்துவிட்டது, வளையவில்லை, வசம்பு வைத்துத் தேய்க்க வேண்டும் என்றெல்லாம். பெரும்பாலும் விஷயம் நாக்கு வரை போவதே இல்லை, காதிலேயே முடிந்துவிடுகிறது என்பது என் எண்ணம். காதில் தனியாக விழாத ஒலியை வாய் எப்படித் தனியாகச் சொல்லும்?

சேலத்தில் அஞ்சு ரோடு பக்கம் நான் வழக்கமாகச் சாப்பிடும் கடையில் இரண்டு பையன்கள் வேலை செய்கிறார்கள். ஒருவன் பீகார், இன்னொருவன் ஒடிசா, இருவரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்தவர்கள், தமிழும் சேர்ந்தேதான் கற்றுக்கொண்டார்கள். பீகார் பையன் 'தக்காலி சட்னி' என்பான். பள்ளிபாளையம் சிக்கன் அவன் வாயில் 'பல்லிபாலையம்' ஆகிவிடும், அதைக் கேட்டு மேசையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். ஒடிசா பையன் இரண்டு சொல்லிலும் ளகரத்தைப் பிசிறில்லாமல் சொல்வான். "இவன் கெட்டிக்காரன், அவனுக்கு ஏறாது" என்று முதலாளி உட்பட எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். எனக்கு இது மனசுக்கு ஒப்பவில்லை. ஒடியா மொழியில் ள உண்டு, அதற்குத் தனி எழுத்தே இருக்கிறது. இந்தியில் அது கிடையாது. ஒருவன் ஊரிலிருந்தே கொண்டுவந்த ஒலியை இன்னொருவன் இங்கே வந்துதான் முதன்முதலாகக் கேட்கிறான், இதில் புத்திசாலித்தனம் எங்கே வந்தது? வாழப்பாடி என்று சொல்லச் சொன்னால் ஒடிசா பையனும் 'வாளப்பாடி' என்றுதான் சொல்கிறான். சேலத்துக்காரர்களில் பாதிப் பேரும் அப்படித்தான் சொல்கிறோம் என்பதால் அது யாருக்கும் தவறாகவே படுவதில்லை.

இதே நிலைமை நமக்கு இந்தியில் வருகிறது. சாப்பாட்டுக்கும் 'கானா', பாட்டுக்கும் 'கானா'. எழுதினால் இரண்டும் ஒன்று, நம்மில் பலர் சொன்னாலும் ஒன்றுதான். இந்திக்காரருக்கோ அவை சம்பந்தமே இல்லாத இரண்டு சொற்கள், ஒன்று மூச்சை வெளியே தள்ளிச் சொல்லும் க, மற்றது தொண்டை அதிரச் சொல்லும் க. அம்மாபேட்டையில் சௌராஷ்டிரம் பேசும் வீட்டுப் பிள்ளைகள் இந்தி படிக்கும்போது இந்த இடத்தில் தடுமாறுவதில்லை, அவர்கள் வீட்டு மொழியிலேயே அந்த வேறுபாடு இருக்கிறது. ஒரே ஊர், ஒரே பள்ளி, காது மட்டும் வேறு.

நம் மொழிக்குள்ளேயே நமக்குக் கேட்காத வேறுபாடுகளும் இருக்கின்றன. கடல், பகல், தங்கம் மூன்றையும் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். மூன்று க-வும் மூன்று விதம். தமிழ் கற்க வரும் வெளிநாட்டவர் முதலில் கேட்பதே இதைத்தான், மூன்று ஒலிக்கு ஏன் ஒரே எழுத்து என்று. நமக்கு அந்தக் கேள்வியே புரியாது. எந்த இடத்தில் எது வரும் என்பது தானாக நடக்கிறது, பொருளும் மாறுவதில்லை, அதனால் காது அதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

ஆங்கிலத்தில் சொல்லின் தொடக்கத்தில் வரும் ப-வுக்கு உதடு திறந்ததும் ஒரு சின்ன மூச்சு வெடித்து வரும், அதற்கப்புறம்தான் குரல். நம் ப-வில் அந்த இடைவெளி மிகக் குறைவு. லீ லிஸ்கர், ஆர்தர் ஆப்ராம்சன் என்ற இருவர் இந்த இடைவெளியை 11 மொழிகளில் அளந்து 1964ல் வெளியிட்டார்கள், அந்த 11ல் தமிழும் ஒன்று. ஒரு நொடியை நூறாகப் பிரித்தால் அதில் சில பங்குதான் வித்தியாசம். ஆனால் நாம் பூங்காவைச் சொல்ல நினைத்து 'பார்க்' என்றால், ஆங்கிலேயர் காதில் நாய் குரைப்பதற்கான சொல்லாக விழுந்துவிட அதுவே போதும்.

த, ட கதைதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது. கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் இருவரும் ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியின் த-வையும் ட-வையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார்கள். 6 முதல் 8 மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் இரண்டையும் பிரித்துக் கேட்டார்கள். 10 முதல் 12 மாதத்துக்குள் அந்தத் திறன் பெரும்பாலும் மங்கிவிட்டது. 1984ல் வந்த ஆய்வு இது. அவர்கள் ஆங்கிலத்தில் இருப்பது நம் த-வும் இல்லை, ட-வும் இல்லை, மேல் ஈறில் நுனிநாக்கு பட வரும் நடு ஒலி. நம் காது அதை ட என்று எடுத்துக்கொள்கிறது, நாமும் ட என்றே திருப்பிச் சொல்கிறோம், அவர்கள் உடனே 'இந்திய ஆக்சென்ட்' என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். இலங்கைத் தமிழர்கள் கேட்பதோ வேறு மாதிரி. நாம் டொராண்டோ என்று எழுதும் ஊரை அவர்கள் 'ரொறன்ரோ' என்று எழுதுவார்கள். முதலில் பார்த்தபோது விநோதமாக இருந்தது. யாழ்ப்பாணத்துக்காரர் 'காற்று' என்று சொல்வதைக் கேட்டால் புரிந்துவிடும், அவர்களின் ற்ற அந்த மேல் ஈறு ஒலியை இன்னும் வைத்திருக்கிறது. ஆங்கில ஒலி அவர்கள் காதில் அதற்குரிய இடத்திலேயே போய் விழுகிறது. நாம் அதை ட-வில் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம்.

சனி, ஞாயிறு ஏற்காடு பஸ்ஸில் ஏறினால் கன்னடம், மலையாளம், இந்தி, வங்காளம் எல்லாம் கலந்து காதில் விழும். கொண்டை ஊசி வளைவு இருபதும் முடிவதற்குள் யாராவது ஒருவர் "என்ன வேகமாப் பேசுறாங்க" என்று சொல்லிவிடுவார். அவர்களும் நம்மைப் பற்றி அதையேதான் நினைத்துக்கொண்டிருப்பார்கள். 2019ல் 17 மொழிகளை அளந்து பார்த்ததில், அசைகளின் வேகம் மொழிக்கு மொழி மாறினாலும் ஒரு நொடியில் போய்ச் சேரும் செய்தியின் அளவு சராசரியாக 39 பிட் (பிட் என்பது தகவலை அளக்கும் அலகு) என்ற அளவை ஒட்டியே வந்தது. தெரியாத மொழியில் சொல் எங்கே முடிகிறது என்று பிடிபடாததால்தான் அது ஓடுவது போலத் தோன்றுகிறது.

சரி, வளர்ந்த காது திருந்துமா? திருந்தும். ஜப்பானியருக்கு ஆங்கிலத்தின் ர, ல பிரித்துக் கேட்பது பெரும்பாடு. 1990களில் அவர்களுக்குப் பலருடைய குரல்களில் அந்தச் சொற்களைப் போட்டு, எது என்று கண்டுபிடிக்கும் பயிற்சி மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். கேட்பது மேம்பட்டது. பேசச் சொல்லித் தராமலேயே அவர்கள் சொல்வதும் தெளிவானது, இது 1997ல் வந்த முடிவு. ஒரே குரலில் பழகியவர்களுக்குப் புதிய குரல் வந்ததும் அந்தப் பழக்கம் கைகொடுக்கவில்லை. இதைப் படித்ததிலிருந்து நம் ஊர் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளை நினைத்தால் ஆதங்கமாக இருக்கிறது. முதல் நாளே எழுந்து நின்று பேசு என்கிறார்கள், பிள்ளை பேசினால் எல்லார் முன்னாலும் திருத்துகிறார்கள், காதுக்கு ஒரு வாரம்கூடக் கொடுப்பதில்லை.

என் அக்கா மகள் வேலைக்காக ஜப்பானிய மொழி படிக்கிறாள். குறில், நெடில் அவளுக்குப் பிரச்சினையே இல்லை. 'ஒபசன்' என்றால் அத்தை, 'ஒபாசன்' என்றால் பாட்டி, ஆங்கிலம் மட்டும் பேசி வளர்ந்தவர்கள் திணறும் இடத்தில் அவள் யோசிக்காமல் தாண்டிவிட்டாள். ஒற்று இரட்டிப்பதும் அப்படியே. ஆனால் இரண்டு உயிருக்கு நடுவே ஒற்றையாக வரும் வன்மையான 'த' அவளிடம் மென்மையாகிவிடுகிறது, அது தமிழ்ப் பழக்கம். அதனால் தினமும் சாயங்காலம் வெவ்வேறு ஆட்கள் சொல்வதைப் போட்டு, வாயைத் திறக்காமல் கேட்டுக் குறித்துக்கொண்டு வருகிறாள், ஒலியில் வித்தியாசம் இப்போது அவளுக்குத் தெரிகிறது. அடுத்தது 'ஹஷி'. டோக்கியோ பேச்சில் குரல் மேலிருந்து இறங்கினால் சாப்பிடும் குச்சி, கீழிருந்து ஏறினால் பாலம். அது அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை, கூட உட்கார்ந்து கேட்கும் எனக்கும்தான்.