நிச்சயமாகத் தெரியுமா, தம்பி?

கும்பகோணத்தில் ஒரு பழைய கடைக்கு மின்வேலை செய்தபோது, தரைமட்டத்தில் சுவரைத் துளைத்து யூ.ஜி. கேபிளை, அதாவது மண்ணுக்கடியில் வரும் மின்கேபிளை, உள்ளே விடக் கூடாது என்று நான் சொன்னதில் இன்றுவரை மாற்றமில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கும்பகோணம் கடைத்தெருவில் பழைய கட்டடங்களின் தரை எங்கே, தெரு எங்கே என்று பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுப் போட்டு, படியேறிப் போன கடைகளுக்குள் இப்போது படியிறங்கிப் போகிறோம். வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு. மேட்டூரில் திறந்த தண்ணீர் வந்து ஆறு ஓடத் தொடங்கினால், மழை இல்லாமலேயே கிணறுகளில் மட்டம் ஏறும். அதற்குப் பிறகு ஐப்பசி, கார்த்திகை. புதைத்த கேபிளைக் கடைக்கால் மட்டத்திலேயே நேராக உள்ளே இழுத்தால், பள்ளத்தில் நிற்கும் தண்ணீருக்கு, மின்சாரப் பெட்டி இருக்கும் பேனல் அறைவரை நாமே வாய்க்கால் வெட்டிக் கொடுத்த மாதிரி.

ஆகவே இரும்புக் குழாய்க்குள் சுவரோடு ஏற்றி, பத்தடி உயரத்தில் உள்ளே திருப்புவது என்று முடிவு செய்தேன். அந்த உயரத்தில் வாசலுக்கு மேல் கான்கிரீட் பீம். அதில் கை வைக்கக் கூடாது. வலப்பக்கம் உள்ளே மாடிப்படி. மிச்சம் இருந்தது இடப்பக்கம். அங்கே சுதையில், அதாவது சுண்ணாம்புச் சாந்தில் செய்த ஒரு கொடி; வாசலின் இரு பக்கமும் அதன் நுனியில் ஒவ்வொரு கிளி. கடை முதலாளியின் தாத்தா காலத்து வேலை.

முதலாளிக்கு ஆட்சேபணை இல்லை. அவருடைய தாயார்தான் வெளியே வந்து நின்று, “கீழே கொண்டுவந்தால் தண்ணீர் வரும் என்று உனக்கு நிச்சயமாகத் தெரியுமா, தம்பி?” என்று கேட்டார்.

“தெரியும், அம்மா.”

“உனக்குத் தெரியும் என்றால் சரி.”

வேறு எதுவும் பேசாமல் உள்ளே போய்விட்டார். வாதாடியிருந்தால் நானும் வாதாடியிருப்பேன். இவ்வளவு நாள் அது மனத்தில் கிடந்திருக்காது.

எனக்கு எது தெரியும்? தெரு உயர்ந்திருப்பது தெரியும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய பிறகு, நனைந்த பேனல்களை எத்தனையோ இடங்களில் திறந்து பார்த்திருக்கிறேன். கேபிள் கம்பிகளின் நுனியில் மாட்டும் அலுமினிய லக்குகளில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்தை இறுக்கிப் பிடிக்கும் கிளாண்டைக் கழற்றினால் தண்ணீர் சொட்டும். இதெல்லாம் அனுபவம். ஆனால் அந்தக் கட்டடத்துக்குள், அந்த மட்டத்தில், வரப்போகும் ஆண்டுகளில் தண்ணீர் வரும் என்பது? அவர் கேட்டது அதைத்தான். ‘வரக்கூடும், அம்மா’ என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் வேலை நின்றுவிடும் என்று நினைத்தேனா, அந்த நேரத்தில் உண்மையாகவே சந்தேகம் இல்லாமல் இருந்தேனா, இன்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மூன்று அங்குலக் குழாய்க்கு ஒரு முழத்துக்கு மேல் சுதை போனதற்கும் காரணம் உண்டு. கேபிள் 3.5 கோர் (மூன்று முழுக் கம்பி, பாதியளவில் ஒரு கம்பி), 70 சதுர மில்லிமீட்டர் அலுமினியம், மேலே இரும்புக் கவசம். விட்டத்தைப்போல் 12 மடங்குக்குக் குறையாத ஆரத்தில்தான் அதை வளைக்க வேண்டும். இந்தக் கேபிளுக்கு அது ஏறத்தாழ ஒன்றரை அடி. அதைவிட இறுக்கினால் கவசப் பட்டைகள் விலகும், காப்பு நசுங்கும். வெளியுறை கிழிந்துவிட்டால் கவசத்தின் ஊடே தண்ணீர் இறங்கும். எவ்வளவு நல்ல கிளாண்டு போட்டாலும் அதைத் தடுக்காது. சுவரை ஒட்டி ஏறி வரும் கேபிள் சட்டென்று உள்ளே திரும்பாது. துளையை வெளிப்பக்கம் தாழும்படி சாய்வாக வெட்டி, அதன் கீழ் விளிம்பை அகலமாகக் குடைந்து வழிவிட வேண்டும். அந்த இடத்தில் இதைவிடச் சிறிதாக வெட்ட முடியாது. இதையும் அந்த அம்மாவிடம் நான் விளக்கவில்லை.

கொத்தனார் வயதானவர். கிளியை முழுதாகப் பெயர்த்தெடுக்கலாம் என்று டிரில்லை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு உளியால்தான் தட்டினார். பொரிந்து கொட்டியது. “வாடை மழையைக் குடித்துக் குடித்து உள்ளே ஒன்றுமில்லை, சார். தானாகவே விழுந்திருக்கும்” என்றார். குழாயைச் சுற்றிச் சிமெண்ட் வைக்கவும் அவர் சம்மதிக்கவில்லை. சுண்ணாம்புச் சுவரோடு அது ஒட்டி நிற்காது, விரிசல் விட்டு அந்த வழியாகவே மழை உள்ளே போகும் என்று சுண்ணாம்புக் காரையால்தான் அடைத்தார். அவர் சொன்னது சரி. இன்றுவரை அங்கே ஒரு துளி கசிவில்லை. தானாகவே விழுந்திருக்கும் என்ற வார்த்தையையும் நெடுநாள் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் அதே சுவரில், அதே வாடைக் காற்றில், வலப்பக்கக் கிளி இன்னும் அப்படியே இருக்கிறது.

பிறகு அந்தத் தெருவில் மழைநீர் வடிகால் கட்டினார்கள். அதன்பின் கடைவாசல்வரை தண்ணீர் ஏறியதாக நான் கேள்விப்படவில்லை. வடிகால் இன்றைக்கு ஓடுகிறது, நாளைக்கு நெகிழிப்பையும் மண்ணும் அடைத்துக்கொள்ளலாம். மின்வேலை செய்கிறவன் மோசமான மழையைக் கணக்கில் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். வடிகால் வரும் என்று வேலை நடந்தபோது யாருக்கும் தெரியாது. இவையெல்லாம் சரியான வாதங்கள்தான். ஆனாலும் கனமழை பெய்யும் இரவுகளில், அந்தத் தெருவில் தண்ணீர் ஏறட்டும், நான் சொன்னது நடக்கட்டும் என்று மனம் ஒரு கணம் எதிர்பார்க்கிறது. கடை நிறைய அவர்களுடைய சரக்கு இருக்கிறது. இப்படி ஓர் எண்ணம் எனக்கு எப்படி வரலாம்? என்னை மிகவும் தொந்தரவு செய்வது கிளி போனதுகூட அல்ல, இதுதான்.

இப்போது மேல்மாடிக்கு ஏ.சி. போடுகிறார்கள். மின்சுமை கூடுவதால் இன்னொரு கேபிள் வேண்டும். பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றிக் கொண்டுவரலாம், கேபிள் கூடுதலாகப் பிடிக்கும், செலவாகும் என்று முதலாளியிடம் சொன்னேன். “அன்றைக்கே இதைச் செய்திருக்கலாமே?” என்றார். பக்கத்துக் கட்டடத்தார் சந்தில் தோண்டச் சம்மதிக்கவில்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றேன். தான் அவர்களிடம் கேட்கவே இல்லை என்கிறார். சம்மதிக்கவில்லை என்று யாரோ சொன்னது எனக்கு உறுதி. யார் என்று யோசித்தால் ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை. நாளை அவர்களைப் பார்க்க நானே போகிறேன். இந்தக் கேபிளுக்கு அனுமதி வாங்க வேண்டும், அன்று யாராவது வந்து கேட்டார்களா என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.