கோடையில் வீங்கிய தாடை

சிவகங்கைப் பக்கத்தில் எங்கள் சித்தப்பா நாற்பது உருப்படி செம்மறி வைத்திருக்கிறார். போன சித்திரையில் அவற்றுள் ஏழெட்டு ஆடுகளுக்குத் தாடைக்குக் கீழே பை போல நீர் தொங்கியது. காலையில் பட்டியைத் திறக்கும்போது வீக்கம் பெரும்பாலும் வடிந்திருக்கும். நாளெல்லாம் தலையைக் குனிந்து மேய்ந்துவிட்டு மாலையில் திரும்பும்போது மீண்டும் நீர் கோத்திருக்கும். வெயிலில் புல் இல்லாததால் மெலிந்துவிட்டன என்று சித்தப்பா நினைத்தார். நானும் அப்படியே நினைத்தேன். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய புழு மருந்தை இரண்டு முறை ஊற்றியும் பயனில்லை. ஒரு பெட்டை ஆடு செத்தபோது அறுத்துப் பார்த்தோம். ஈரலின் பித்தக் குழாய்கள் தடித்து வெளுத்திருக்க, உள்ளே வேப்பிலை அளவில் தட்டைப்புழுக்கள் இருந்தன.

இந்த நோய் வெயிலில் வெளிப்பட்டாலும் ஈரத்தில் தொற்றுவது. புழுவின் முட்டை சாணத்தோடு தண்ணீரில் விழுந்து பொரிய வேண்டும். பொரிந்து வரும் இளம்புழு ஒரு நாளுக்குள் ஒரு நன்னீர் நத்தையைக் கண்டு அதனுள் நுழையாவிட்டால் மடிந்துவிடும். நுழைந்துவிட்டாலோ நத்தையின் உடலுக்குள்ளேயே நூற்றுக்கணக்காகப் பெருகி, வெளியேறி, நீரோரப் புல்லில் கூடு கட்டி ஒட்டிக்கொள்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறைந்த கண்மாய், மாசி பங்குனியில் வற்றும்போது, வேறெங்கும் பசுமை இல்லாத அந்த நாட்களில், ஓரத்தில் தளதளவென்று நிற்பது அந்தப் புல்தான். அதைத் தின்ற ஆட்டின் குடலைத் துளைத்துக்கொண்டு குஞ்சுப் புழுக்கள் ஈரலுக்குப் போய், அதன் சதையைப் பல வாரங்கள் குடைந்த பிறகே பித்தக் குழாயை அடைந்து முதிர்கின்றன. நம் ஊரில் காணப்படும் இனம் முட்டையிடத் தொடங்க ஏறத்தாழ மூன்று மாதம், சில வேளைகளில் அதற்கு மேலும் ஆகும் என்பதால், அதற்கு முன் சாணத்தைச் சோதித்தால் ஒன்றும் தெரியாது.

இங்கிலாந்தில் 1879, 1880 ஆண்டுகளில் இதே வகை நோயில் ஏறக்குறைய முப்பது லட்சம் ஆடுகள் மாண்டன. அதன் பிறகுதான் ஆக்ஸ்ஃபோர்டில் அல்ஜெர்னன் தாமஸும் ஜெர்மனியில் லூகார்ட்டும் தனித்தனியே ஆராய்ந்து, நத்தையின் பங்கை உறுதிப்படுத்தினர். நத்தையைப் பார்த்துச் சலித்த நமக்கு இது இன்னும் செய்தியாகவே இருக்கிறது!

நாங்கள் செய்த பெரிய பிழை மருந்தில்தான். "புழு மருந்து" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகவே கொடுக்கிறார்கள். எங்களுக்குக் கிடைத்த ஃபென்பெண்டசோல் உருண்டைப்புழுவுக்கானது. ஈரல் தட்டைப்புழுவை அது ஒன்றும் செய்யாது. ஆக்சிகுளோசனைடு முதிர்ந்த தட்டைப்புழுவைக் கொல்லும், ஈரலைக் குடையும் குஞ்சை விட்டுவிடும். டிரைகிளாபெண்டசோல் குஞ்சையும் சேர்த்துக் கொல்லும்; ஆனால் இரைப்பையில் ஒட்டிக்கொள்ளும் வேறொரு தட்டைப்புழுவிடம் அது பலிக்காது. போதாததற்கு, இரத்தம் உறிஞ்சும் உருண்டைப்புழுவாலும் தாடையில் நீர் கோக்கும். ஆகவே வீக்கத்தை மட்டும் பார்த்து மருந்தை முடிவு செய்ய முடியாது. கால்நடை மருத்துவர் சாணத்தைப் படிய வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது, ஏனெனில் கனமான தட்டைப்புழு முட்டை, உருண்டைப்புழு முட்டையைப் போல உப்புநீரில் மிதக்காது.

அவர் எழுதிக் கொடுத்த மருந்தில் ஐந்து ஆடுகள் தேறின, இரண்டு தேறவில்லை. இந்த ஆண்டு மாசியில் சித்தப்பா கண்மாய் உள்வாயில் ஆட்டை இறக்கவில்லை. கரைமேட்டில் மேய்த்து, தொட்டியில் தண்ணீர் காட்டினார். "பச்சையைப் பார்த்து ஆடு இழுக்குது தம்பி, பிடிச்சு நிறுத்த முடியலை" என்று தினமும் குறைபட்டுக்கொண்டார்.