எலும்பை வெட்ட லேசரா, பர்ரா? எம்.டி.எஸ். தேர்வுக்கு நான் படித்த முறை

வாய் அறுவை சிகிச்சையில் எம்.டி.எஸ். என்ற பல் மருத்துவ முதுநிலைப் பட்டத்துக்குப் படிப்பவர்களிடம் எழுத்துத் தேர்வில் கேட்காவிட்டாலும் வாய்மொழித் தேர்வான வைவாவில் எப்படியாவது கேட்டுவிடுவார்கள்: எலும்பை வெட்ட லேசர் நல்லதா, சுழன்று வெட்டும் முனையான பர் நல்லதா? நன்மை, தீமை என்று கட்டம் போட்டு மனப்பாடம் செய்வதுதான் பலரின் வழக்கம். அதற்கு முன்னால், இரண்டும் எலும்பை எப்படி வெட்டுகின்றன என்று உட்கார்ந்து படியுங்கள். கட்டத்தில் பாதி தானாகவே நிரம்பிவிடும்.

நான் வெப்பத்திலிருந்து தொடங்கினேன். எரிக்சனும் ஆல்பிரெக்ட்சனும் 1983இல் முயலின் எலும்பில் செய்த ஆய்வுதான் இங்கே அடித்தளம். 47 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்பு பாதிக்கப்படும். பர் வெட்டுவது உராய்வால். அதனால் கூர்மையான பர், விடாமல் சலைன், அழுத்தாத கை, விட்டுவிட்டு வெட்டுவது ஆகிய நான்கும் வெப்பத்தைக் கட்டுப்படுத்தத்தான். ஞானப்பல் எடுக்க, காற்றால் பர்ரைச் சுழற்றும் ஏரோட்டர் கருவி ஏன் கூடாது என்பது அடுத்த கேள்வியாக வரும். அதன் காற்று திசுவுக்குள் புகுந்து எம்ஃபிசீமா, அதாவது காற்று வீக்கம், வரலாம் என்று காரணத்தோடு சொல்லுங்கள்.

லேசருக்கு வந்தால், வெறுமனே 'லேசர்' என்று எழுதாதீர்கள். எந்த லேசர் என்பதில்தான் விடையே இருக்கிறது. 10,600 நானோமீட்டர் கார்பன் டை ஆக்சைடு லேசரைத் தொடர்ச்சியாகப் பாய்ச்சினால் எலும்பு கருகும், ஆறுவதும் தாமதமாகும். எலும்புக்கு ஏற்றது எர்பியம் குடும்பம்: எர்பியம் யாக் 2940 நானோமீட்டர், எர்பியம் குரோமியம் 2780. இந்த அலைநீளங்களை நீர் மிக நன்றாக உறிஞ்சும். எலும்புக்குள் இருக்கும் நீர் நொடியில் ஆவியாகி, நுண்வெடிப்புகளாக எலும்பைச் சிதறடிக்கிறது. வெப்பம் ஆழமாகப் பரவ நேரமில்லை. அப்படியிருந்தும் தண்ணீர்த் தெளிப்பு இல்லாமல் பாய்ச்சினால் இதுவும் கருக்கிவிடும். இந்த வரியைக் கட்டாயம் எழுதுங்கள். எர்பியத்தால் வெட்டிய எலும்பு, பர் வெட்டியதற்கு இணையாக ஆறுவதை விலங்கு ஆய்வுகள் பல காட்டியிருக்கின்றன.

அப்படியானால் எல்லோரும் ஏன் லேசருக்கு மாறவில்லை? ஆழம்தான் காரணம். பர் வெளி எலும்பைத் தாண்டி மஜ்ஜைக்குள் நுழையும்போது கைக்குத் தெரியும். லேசர் முனை எலும்பை அழுத்துவதில்லை, எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று கை சொல்லாது. கீழ்த்தாடைக் கடைவாயில் கீழே தாடை நரம்பு, உட்பக்கம் நாக்கு நரம்பு. எலும்பு முடிந்து நரம்பு தொடங்குகிறது என்று கதிருக்குத் தெரியாது. மென்திசுவை விட்டுவைத்து எலும்பை மட்டும் வெட்டும் குணம், ஏறத்தாழ 24 முதல் 29 கிலோஹெர்ட்ஸில் அதிரும் பீசோ என்ற வெட்டுக் கருவிக்கு உரியது. லேசரையும் பீசோவையும் குழப்பி எழுதுபவர்கள் நிறைய, நோயாளியின் உதடு மரத்துப் போகுமா என்பதே இதில் அடங்கியிருக்கிறது என்பதால் கவனமாக இருங்கள்.

கறிக்கடையில் ஆட்டுத் தாடை வாங்கி, கடைவாய்ப் பல்லைச் சுற்றி பர்ரால் பள்ளம் வெட்டிப் பாருங்கள். வாய்ப்புக் கிடைத்தால் ஏதாவது ஒரு பயிற்சி முகாமில் எர்பியத்திலும் அதையே செய்யுங்கள். படபடவென்ற வெடிச் சத்தம், அதிர்வே இல்லாத கை, ஆனால் மெதுவாக நகரும் வெட்டு, எல்லாம் நேரில் புரியும். அந்த மெதுவைப் பார்த்த பிறகு, ஆழப் புதைந்த ஞானப்பல்லுக்கு இன்றைக்கும் பர்தான் என்று வைவாவில் தயங்காமல் சொன்னேன். மெல்லிய எலும்பு மூடிய கோரைப்பல்லைத் திறப்பது, மருந்தால் அழுகிய தாடை எலும்பை மேலாகச் சுரண்டுவது, இவற்றுக்கு எர்பியத்தைத் தேர்ந்தெடுப்பேன் என்றும் சேர்த்தேன். எதைத் தேர்ந்தாலும் ஏன் என்று சொல்லிவிட்டால் தேர்வாளர் அடுத்த கேள்விக்கு நகர்ந்துவிடுவார்.

நெடுவினா என்றால் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் உருவான, எர்பியம் யாக் கதிரைக் கணினித் திட்டப்படி ரோபோ கை நகர்த்தும் கருவியைப் பற்றி இரண்டு வரி எழுதுங்கள். கையால் பிடித்து நகர்த்தும்போது வரும் குறைக்கு அது ஒரு பதில். அப்புறம், பாதுகாப்பை விட்டுவிடாதீர்கள். அந்த அலைநீளத்துக்கான கண்ணாடியை மருத்துவர், உதவியாளர், நோயாளி மூவரும் அணிய வேண்டும். வேறு லேசரின் கண்ணாடி இதற்கு உதவாது.